கொடி கட்டிய இடம்

என் கணவர் ஸ்டீவின் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "நீ அப்பவே சொன்னியேம்மா." அவருடைய சைக்கிள் குழுவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவருடைய நண்பர் டோனி அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வாசல் வரை கேட்கும்படி சொன்னார். "தங்கச்சி தலைபாடா அடிச்சுக்கிருச்சு. கார்பன் வேணாம், அலுமினியமே போடுங்கன்னு. இவன் கேட்டாத்தானே."

நான் அப்படிச் சொன்னது உண்மை. ஓடும்போது கார்பன் ஹேண்டில்பார் உடைந்து அவர் இறந்ததும் உண்மை. இந்த இரண்டையும் ஒட்டி வைத்து, புருஷன் தன் பேச்சைக் கேட்காததால் விதவையான புத்திசாலி என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட மூன்று வருடம் நானும் எழுந்திருக்கவில்லை. அந்த ஹேண்டில்பார் ஏன் உடைந்தது என்று தெரிந்த ஆள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

ஸ்டீவ் சைக்கிளைத் தொட்டதே கொரோனாவுக்குப் பிறகுதான். இரண்டாம் அலையில் பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனையூர் வீட்டில் நானும் என் மாமியார் பாக்கியமும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது அத்தை வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்து வந்தால் கொடியேற்றத்துக்கு ஆனையூரிலிருந்து அவனே தன் காலால் ஒரு கொடி கொண்டுவந்து சேர்ப்பான் என்று.

பிழைத்து வந்தார். ஆனால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வேளாங்கண்ணிக்கு நடப்பது நடக்கிற காரியம் இல்லை. நுரையீரலுக்குப் பயிற்சி வேண்டும், சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். "மிதிக்கிறதும் கால்தானே" என்று அத்தை மாதாவுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துவைத்தார்.

டோனி அண்ணனிடமிருந்து ஒரு பழைய அலுமினிய ரோடு சைக்கிள் வந்தது. முதலில் திருப்பரங்குன்றம் போய்த் திரும்பி வந்து அரைநாள் படுத்துக் கிடந்தவர், ஒரு வருடத்துக்குள் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மத்தியானம் ஆபீஸுக்குப் போனார். மூச்சு திரும்பிவிட்டது. திரும்பாதது விரல்கள்தான். நோய் விட்டுப்போன மதமதப்பு இரண்டு கையிலும் இருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் செத்துப்போகும். நம் ரோடுகளில் ஜல்லி எழும்பிக் கிடக்கும். அந்த அதிர்வு முழுக்க ஹேண்டில்பார் வழியாகக் கைக்கு ஏறும். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

அப்படித்தான் ஹேண்டில்பாரை மட்டும் மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், பாண்டிராஜ் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா சோணைமுத்து சோழவந்தான் பக்கம் வயல் கூலி வேலை செய்தவர். மகன் பாலிடெக்னிக் படித்து, பெங்களூரில் ஒரு சைக்கிள் ஷோரூமில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, தன் சொந்த முயற்சியில் அந்தக் கடையைப் போட்டிருந்தார். கண்ணாடிக் கதவு, சுவரில் வரிசையாக ஸ்பானர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும்படி சுத்தமான தரை. குழுவில் எல்லோரும் சைக்கிளை அங்கேதான் கொண்டுபோவார்கள்.

மேசையில் இரண்டு ஹேண்டில்பார்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று அலுமினியம். இன்னொன்று அதிர்வை உறிஞ்சும் கார்பன், கறுப்பு, பளபளப்பே இல்லாமல்.

"தூக்கிப் பாருங்கக்கா."

தூக்கிப் பார்த்தேன். "நூறு கிராம் வித்தியாசம் இருக்குமா? அதுக்கு நாலு மடங்கு விலையா? இவரு ராத்திரி ரெண்டு தோசையைக் குறைச்சா அம்புட்டுத்தான்."

"ரெண்டு தோசையைக் குறைச்சா விரல் மரத்துப்போகாதா?" என்றார் ஸ்டீவ்.

"நாக்காவது மரத்துப்போகும்."

பாண்டிராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் விடவில்லை. இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். உலோகம் உடைவதற்கு முன்னால் வளையும், வளைந்து நமக்குக் காட்டும், பார்த்துத் தூக்கிப் போட்டுவிடலாம். இது எதையும் காட்டாது, ஒரு நாள் பட்டென்று போய்விடும். இதையெல்லாம் கரும்பலகை முன்னால் நிற்பதுபோல் நின்று சொன்னேன்.

"அலுமினியமும் சொல்லாம உடையும்க்கா. வருசக்கணக்கா அதிர்ந்து அதிர்ந்து உள்ளுக்குள்ள களைச்சுப்போய் ஒரு நாள் விடும். கார்பனுக்கு அந்தக் களைப்பு கிடையாது. இழுங்க, ஊனுங்க, தாங்கும். நசுக்கத்தான் கூடாது." ஹேண்டில்பாரை நடுவில் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம்மில் அது உட்காரும் இடத்தைக் காட்டினார். "இதுக்குச் சாவே கிடையாதுக்கா, நாமளா இறுக்கிக் கொன்னாத்தான்."

பிறகு டார்க் ரெஞ்ச் என்ற கருவியை என் கையில் கொடுத்தார். எவ்வளவு இறுக்கலாமோ அதை முன்னாலேயே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் கையில் ஒரு சொடுக்கு விழும். அதற்கு மேல் போகக் கூடாது. ஐந்து நியூட்டன் மீட்டர். அதைப் போர்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், கையில் உணர்ந்தது அன்றுதான். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு மூன்று முறை சொடுக்கிப் பார்த்தேன்.

"சாருக்குச் சொல்றதவிட உங்ககிட்ட சொல்றேன்க்கா. பெல்லு, லைட்டு, எதுவா இருந்தாலும் ரப்பர் வார் வச்சு வர்றதை மட்டும் இதுல மாட்டுங்க. இரும்புக் கிளிப்பு எதையும் போட்டுறாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். என்னிடம்தான் சொன்னார். யாரிடம் சொன்னால் ஞாபகம் இருக்குமோ அவளிடம் சொன்னார்.

வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, "உடைஞ்சா எங்கிட்ட வந்து நிக்காதீங்க" என்றேன்.

"உடைஞ்சா நிக்க எங்க முடியும்" என்றார். இருவரும் சிரித்தோம்.

அந்த ஹேண்டில்பார் நன்றாகவே இருந்தது. இரண்டாவது வாரமே ஸ்டீவ் சாப்பாட்டு மேசையில் பத்து விரலாலும் தாளம் போட்டுக் காட்டினார். பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். சந்தோஷத்தோடு ஒரு எரிச்சலும் இருந்தது. தோற்றது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். ஸ்டீவ், டோனி அண்ணன், இன்னும் ஐந்து பேர் சைக்கிளில், பின்னால் ஒரு வேன். அத்தை தன் கையால் கொடி தைத்திருந்தார். வெளிர் நீலத் துணி, ஓரத்தில் தங்கச் சரிகை, நடுவில் மாதா படம். அதை நாலடிப் பிளாஸ்டிக் குழாயில் மாட்டி, ஸ்டீவ் ஹேண்டில்பாரில் ரப்பர் வார் கொண்டு கட்டினார். புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோயில் வளாகத்தில் ஃபாதர் சைக்கிள்களை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அப்போது காற்று அடித்தது. எங்கள் கொடி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, சரிகை ஓரம் மண்ணில் பட்டது.

ஸ்டீவ் சட்டென்று தூக்கி நிறுத்தினார். "ஓடும்போது காத்துக்கு நேரா நிக்கும்மா" என்றார். கூட்டத்தில் இரண்டு பெண்கள் தலையைத் திருப்பி அத்தையைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டீவ் குளுக்கோஸ் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போனார். அத்தை சைக்கிளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொடியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் உசுருக்கு நேர்ந்த கொடிம்மா. வழியில சாஞ்சா என்ன அர்த்தம்?"

"ரெண்டு ரப்பர் வாரு சேத்துக் கட்டுனா நிக்கும் அத்தை."

"ரப்பரு இழுபடும். தண்ணி மோட்டாருக்குப் போட்ட கிளிப்பு மிச்சம் கிடக்குல்ல, அதைப் போடேன்."

சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த டப்பாவில் இரண்டு ஹோஸ் கிளிப் இருந்தது. தண்ணீர்க் குழாயை மோட்டாரோடு சேர்த்து இறுக்குகிற இரும்பு வளையம். நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஹேண்டில்பாரில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ரப்பர் வைத்தாகிவிட்டது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் குழாயை வைத்து, கிளிப்பைப் போட்டு, திருப்புளியால் முறுக்கினேன்.

அத்தை குழாயை அசைத்துப் பார்த்தார். "ஆடுதும்மா."

இன்னும் முறுக்கினேன்.

"லேசா ஆடுது. இன்னுங் கொஞ்சம்."

இன்னும் அரைச் சுற்று. அப்போது ஒரு சத்தம் கேட்டது. நகம் வெட்டும்போது கேட்குமே, அவ்வளவுதான். என் உள்ளங்கைக்கும் அது வந்தது. பாண்டிராஜின் டார்க் ரெஞ்ச் சொடுக்கியது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்தத் திருப்புளிக்குச் சொடுக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"இப்பச் சரியாப் போச்சு" என்றார் அத்தை. கொடி அசையவில்லை.

திருப்புளியில் நான் கொடுத்த விசை சின்னதுதான். அந்தக் கிளிப்பின் திருகு அதை எத்தனை மடங்காக்கி நசுக்கும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். நான் வருடாவருடம் நடத்துகிற பாடம்.

ஸ்டீவ் வந்து குனிந்து பார்த்தார். "யாரு இதை மாட்டுனது?"

"நான்தான். ரப்பர் வச்சுத்தான் மாட்டியிருக்கேன்."

"கிளிப்பால்ல இருக்கு." கட்டை விரலால் ரப்பரைத் தடவினார். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "சரி, ரெண்டு நாள்தானே. ரப்பர் வச்சியா, சமத்து" என்று என் தலையில் குளுக்கோஸ் பாக்கெட்டால் தட்டினார்.

அந்த இடத்தில் சத்தம் கேட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்போதே கழற்றிக் கோரிப்பாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அத்தை கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இப்போதுதான் எழுதுகிறேன். அந்த ஹேண்டில்பார் வேண்டாம் என்றவள் நான். என் கையால் அதற்கு ஏதாவது ஆகியிருந்தால், வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் ஒரு கணமாவது நினைப்பார் என்று பயந்தேன். அந்த ஒரு கணத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

கொடி வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தது. சாயவே இல்லையாம். அங்கேயே கிளிப்பைக் கழற்றிக் கொடியைக் கோயிலில் கொடுத்துவிட்டு வேனில் வந்தார்கள். மறுநாள் சைக்கிளைத் துடைத்தவள் நான்தான். ஸ்டெம்முக்கு இடது பக்கம், மூன்று விரல் தள்ளி, ரப்பர் இருந்த இடத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நகத்தால் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன். அப்போதும் இருந்தது. கீறலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஸ்டீவ் கைப்பிடிக்குப் புது டேப் சுற்றினார். ஸ்டெம்மை ஒட்டிய இடம் வரை சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் பார்க்க வழியில்லை.

நாலரை மாதம் தாங்கியது. பாண்டிராஜ் சொன்னதில் பொய்யில்லை. நல்ல பொருள்தான்.

பொங்கல் விடுமுறையில் டோனி அண்ணனும் அவரும் காலையில் வாடிப்பட்டிப் பக்கம் போனார்கள். நாலுவழிச் சாலையில் ஒரு வேகத்தடை வரிசையைத் தாண்டியதும், வேகம் எடுக்க எழுந்து நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்து மிதித்திருக்கிறார். இடது பாதி கையோடு வந்துவிட்டது. நடுவில் இருந்த கல்தடுப்பில் தலை மோதியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. "அந்தப் பாதியைப் புடிச்ச மேனிக்கே கிடந்தான் தங்கச்சி" என்று டோனி அண்ணன் சொன்னார். நாற்பத்தொரு வயது.

சைக்கிளைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டெம்முக்கு இடது பக்கம், மூன்று விரல் தள்ளி. இரண்டு துண்டையும் ஒரு தலையணை உறையில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்தேன்.

அடக்கம் முடிந்த வாரத்திலேயே சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஸ்டீவ் என்னையும் அதில் சேர்த்திருந்தார், யாரும் என்னை நீக்கவில்லை. பாண்டிராஜ் டூப்ளிகேட் கார்பனை ஒரிஜினல் என்று விற்றுவிட்டார் என்றார்கள். யாரும் ஹேண்டில்பாரைப் பார்க்கவில்லை, அது வந்த பெட்டியைப் பார்க்கவில்லை. டோனி அண்ணன் ஒரு குரல் பதிவு போட்டார். "அவங்க அப்பன் நாத்து நட்டுக்கிட்டு இருந்தவரு. ஆறு வருசம் பெங்களூர்ல துடைச்சுக்கிட்டு வந்துட்டா கார்பன் பத்தித் தெரிஞ்சுருமா? நம்மதான் ஏமாளிங்க, படியேறிப் போனோம்." அதற்குப் பதினேழு பேர் கட்டை விரல் போட்டார்கள். பாண்டிராஜும் அந்தக் குழுவில்தான் இருந்தார். அன்று மாலை அவரை எடுத்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த ஹேண்டில்பார் வந்த அட்டைப் பெட்டி. அத்தை முன்னறையில் நாற்காலியில் இருந்தார். பாண்டிராஜ் உட்காரவில்லை.

"வாங்கன்னு சொல்ல மனசு வராதுன்னு தெரியும்க்கா. ஒரே ஒரு நிமிசம். கம்பெனியில நம்பர் போட்டு விசாரிச்சேன், ஒரிஜினல்தான். எப்படி உடைஞ்சதுன்னு எனக்குப் புரியல. அந்தத் துண்டை ஒரு தடவை பாக்கலாமா?"

"தூக்கிப் போட்டுட்டோம் தம்பி" என்றேன்.

அவர் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "அதுல எதையாச்சும் மாட்டுனீங்களாக்கா? இறுக்கி?"

அத்தை என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல. அவருக்குக் கொடி என்பது மாட்டுகிற பொருள்களில் சேர்ந்ததே இல்லை. அது நேர்ச்சை. அவர் பார்த்தது, இவனுக்கு நீயே பதில் சொல்லி அனுப்பு என்பதுபோல. நான் 'ஆமா' என்றால், அந்த ஒரு சொல்லில் அவர் தைத்த கொடி, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல், 'இன்னுங் கொஞ்சம்' என்று அவர் சொன்னது எல்லாம் எழுந்து வந்துவிடும். அவர் மகனைக் காப்பாற்றிய மாதா, அவர் கொடியாலேயே அவனை எடுத்துக்கொண்டதாகிவிடும். அத்தைக்கு எழுபத்து மூன்று வயது.

"இல்ல தம்பி. ஒண்ணும் மாட்டல."

"சரிக்கா." பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "வாரேன்."

அத்தைக்காகத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் வைத்திருந்தேன். அத்தைக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய்.

அன்று ராத்திரியிலிருந்து அத்தை ஒரு வழக்கம் ஆரம்பித்தார். ஏழு மணி ஜெபமாலை முடிந்ததும், வழக்கமான வேண்டுதல்களுக்குப் பிறகு, "என் பிள்ளை சாவுக்குக் காரணமா இருந்த பாண்டிராஜ மன்னிச்சிரும் தாயே" என்று சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் ஆரம்பிப்பார். அத்தை கெட்டவர் இல்லை. யாரையும் சபிக்க மாட்டார். மன்னிப்பார். தினமும் மன்னித்தார். மந்திரத்தின் இரண்டாம் பாதியை நான் சொல்ல வேண்டும். ஒரு நாள் தப்பாமல் சொன்னேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் பக்கத்து அறையிலிருந்து சொன்னேன்.

பள்ளிக்கூடம் போகும் பஸ் கோரிப்பாளையம் வழியாகத்தான் போகும். சந்தின் முனையில் ஒரு பலகை இருந்தது. முதல் வருடம் அதில் குழந்தைகள் சைக்கிள் என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. அடுத்த வருடம் பஞ்சர், சர்வீஸ். அதற்கடுத்த வருடம் பலகை இல்லை. சிக்னலில் பஸ் நிற்கும்போது நான் எதிர்ப் பக்கம் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டேன்.

போன நவம்பரில் அத்தை இறந்தார். கடைசி வாரம்கூட ஜெபமாலையை விடவில்லை. குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பாண்டிராஜ் பெயர் வரும் இடத்தில் அசைவதை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், பீரோவுக்கு மேலிருந்து தலையணை உறையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். விசாரித்ததில் பாண்டிராஜ் திருப்பரங்குன்றம் போகும் வழியில் ஒரு மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் விற்பனை வேலையில் இருக்கிறார் என்றார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வாடிக்கையாளர் என்று நினைத்து எழுந்து வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அக்கா."

"அத்தை தவறிட்டாங்க தம்பி."

"கேள்விப்பட்டேன்க்கா. வரலாம்னு நினைச்சேன். வரலை."

ஓரமாகப் போட்டிருந்த மேசையில் உறையைப் பிரித்தேன். இரண்டு துண்டையும் வைத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கொடி, கிளிப், ரப்பர், அரைச் சுற்று, சத்தம். அத்தை சொன்னதையும் சொன்னேன், நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தை எடுத்து ஹேண்டில்பாரின் முனையில் தட்டினார். டக், டக் என்று தெளிவாகக் கேட்டது. தட்டிக்கொண்டே உடைந்த இடத்தை நோக்கி வந்தார். இரண்டு விரல் தூரத்தில் சத்தம் மங்கியது. உள்ளே நசுங்கிப் பிரிந்த இடத்தில் அட்டையில் தட்டுவதுபோல் ஆனது. அங்கேயே நாணயத்தை வைத்துவிட்டார்.

"உங்க வீட்டுல இருந்து போனதுக்கு அப்புறம், எங்கிட்ட மிச்சம் மூணு ஹேண்டில்பாரு இருந்துச்சுக்கா. அதே கம்பெனி. ரம்பம் வச்சு மூணையும் அறுத்துப் பாத்தேன். உள்ள ஒரு குறையும் இல்ல. அப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? மாட்டும்போது நான்தான் கூட இறுக்கிட்டேன் போல, என் கைதான் தப்புப் பண்ணியிருக்குன்னு." அவர் குரல் உயரவேயில்லை. "ஊரு பேசினதுக்காகக் கடையை மூடலக்கா. டோனி சாரு பேசினதெல்லாம் நான் எட்டாவது படிக்கிறப்பவே கேட்டதுதான். என் கையையே நான் நம்பல. ஒரு சைக்கிளை மாட்டி அனுப்பிட்டு, அந்த ஆளு வீடு போய்ச் சேந்துட்டாரான்னு போன் பண்ணிக் கேப்பேன். யாரு வருவா அப்படிக் கடைக்கு?"

நாணயத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தா, அந்த அம்மாகிட்ட நான் வேற ஏதாச்சும் சொல்லியிருப்பேன்க்கா. ரோடு சரியில்லம்மான்னு. எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு இருந்திருப்பேன். வாசல் வரைக்கும் வந்து சொல்லியிருக்கலாம். கேட் வரைக்கும்."

வாசல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து, திரும்பச் சாத்திவிட்டுப் போகும்வரை நான் முன்னறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். பத்தடி. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் என்ன செய்யணும் தம்பி?"

அவர் யோசித்தார். "அந்தக் குரூப்புல எழுதுங்க. என்னை எடுத்துட்டாங்க, எழுதுனா எனக்குத் தெரியாது. எனக்குத் தனியா ஒண்ணு அனுப்பிருங்க." ஷோரூமுக்குள் யாரோ வந்தார்கள். எழுந்துகொண்டார். "இதை எடுத்துட்டுப் போயிருங்கக்கா. என்னால இதை வச்சிருக்க முடியாது."

அன்றே வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். கிளிப் இருந்த இடத்தையும் உடைந்த இடத்தையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் வரிசையாக எழுதினேன். ஹேண்டில்பாரில் குறையில்லை, பாண்டிராஜ் எச்சரித்திருந்தார், இறுக்கியது நான், மறைத்தது நான்.

ஸ்டீவ் படத்தைப் போட்டு ஒருவர் கும்பிட்டார். அதைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் கும்பிட்டார்கள். 'அக்கா, மனசைத் தளர விடாதீங்க' என்று ஒருவர். 'என்ன இருந்தாலும் கார்பன் ரிஸ்க்குதான்' என்று இன்னொருவர். பிறகு டோனி அண்ணனின் குரல் பதிவு வந்தது.

"தங்கச்சி, அம்மாவும் போய்ட்டாங்க, தனியா இருக்க, மனசு கண்டதையும் நினைக்கும். ஒரு கொடியைக் கட்டுனதுக்கா ஹேண்டில்பாரு உடையும்? மாதா கொடிம்மா அது. அந்தப் பாண்டிராஜ் வந்து உன்னையப் பாத்தானா? அவன் பேசிப் பேசி உன்னை எழுத வச்சுருக்கான், எனக்குத் தெரியாதா. நல்ல மனசு உனக்கு, அவன் பொழப்புக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கிற. விடு. நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. அலுமினியம் போட்டிருந்தா என் மாப்ள இன்னைக்கு இருப்பான்."

அதற்கு இருபத்தொரு கட்டை விரல்.

நான் எழுதியதை மட்டும் படம் எடுத்துப் பாண்டிராஜுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி உடனே விழுந்தது. அவர் வெகுநேரம் எதையோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது தெரிந்தது. கடைசியில் வந்தது ஒரு வரி.

'என்ன சொன்னாங்கக்கா?'

எல்லோரும் புரிந்துகொண்டார்கள் என்று எழுதினேன். அனுப்பவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று மாற்றினேன். அதைப் பார்த்தபோது என் முன்னறையில் நின்று 'இல்ல தம்பி' என்றது ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன்.

டோனி அண்ணனின் குரல் பதிவை அப்படியே அவருக்கு அனுப்பிவைத்தேன். ஐம்பது விநாடி. ஐம்பது விநாடி கழித்து அதுவும் நீலமானது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.